மூணு கண் பாலத்துப் பிள்ளையார்

இந்த பெஞ்சுல உக்காருங்க சார். அதுல வேண்டாம், அது ஈரமா கெடக்கு. இது நம்ம உபயம். முதுகுச் சாய்ப்புல பேரு போட்டிருக்கு, பாத்தீயளா? 'பா. ஆவுடையப்பன், ஆவுடை பாத்திரக்கடை, மெயின் பஜார், வல்லத்திகுளம்.' அதான் நான். நல்லாவே சாஞ்சுக்கிடுங்க, பெயிண்டு சட்டையில ஒட்டாது.

மழையில வந்து மாட்டிக்கிட்டீய, பெரிய கொடதான், இதுக்குள்ள நெருங்கி உக்காருங்க. ஆனா ஒண்ணு சார். உங்க ஊர்லயும் பழைய ரயில் ரோடு சும்மா கெடக்கு, அத நடைபாதையா ஆக்கணும், யாரப் போயிப் பாக்கணும்னு விசாரிச்சு நேரா நம்மகிட்ட வந்தீய பாருங்க, அது புத்திசாலித்தனம். நடைபாதை நலச் சங்கத்துக்கு நான்தான் செயலாளரு. தலைவருன்னு ஒரு டாக்டரு இருக்காரு. அவரு நோட்டீசுல இருப்பாரு, போட்டோவுல இருப்பாரு. வேல பூரா நம்ம தலையிலதான்.

முந்தி இதுல மீட்டர்கேஜ் வண்டி போச்சு. அகலப்பாதை போடும்போது ஊரச் சுத்தி வேற பக்கமாப் போட்டுட்டான். தண்டவாளத்தப் பிடுங்கி லாரில ஏத்திட்டுப் போயிட்டான். மிச்சம் இந்தக் கரை மட்டும்தான். வெள்ளக்காரன் மண்ணக் கொட்டி ஒசத்துன கரை, இன்னைக்கும் ஒரு எடத்துல சரியல. ஆனா அது மேல பூரா உட முள்ளு. அடியில பன்னி. காலைல செம்பத் தூக்கிட்டு வாறவன், பொழுதடைஞ்சா பாட்டிலத் தூக்கிட்டு வாறவன். மனுசன் மூக்கப் பொத்திக்கிட்டுப் போகணும்.

எனக்குச் சுகரு சார். டாக்டரு ஒரே பிடியாச் சொல்லிட்டாரு, 'அண்ணாச்சி நடங்க, நடக்கலன்னா காலு போயிரும்'னு. எங்கன நடக்க? பஜார்ல நடந்தா பத்தடிக்கு ஒருத்தன் 'அண்ணாச்சி, காப்பி சாப்பிட்டுப் போங்க'ம்பான். குடிக்கலன்னா கோவிச்சுக்கிடுவான், குடிச்சா சுகரு ஏறும். அப்பம் வந்த யோசனதான் இது. முள்ள வெட்டி, செம்மண் போட்டு, ரெண்டு பக்கமும் கல்லு பதிச்சு, வெளக்கு வச்சு, எல்லாம் ஊரு உபயம். அன்னா அந்தக் குப்பத்தொட்டி கூட உபயந்தான். குப்பத்தொட்டியில பேரு போட மாட்டேன்னு ஜவுளிக்கடக்காரரு அடம் பிடிச்சாரு, அப்புறம் அவருக்கு ஒரு வேப்பமரத்தக் குடுத்துச் சமாதானம் பண்ணுனோம்.

திறந்த அன்னைலேருந்து ஊரே இங்கதான். பொம்பளைய ஒரு கூட்டம், கண்ணாடி போட்ட வாத்திமாரு ஒரு கூட்டம். சிரிப்புச் சங்கம்னு ஒண்ணு வச்சிருக்கோம். விடிஞ்சதும் வட்டமா நின்னு கையத் தூக்கிட்டு ஹா ஹான்னு சிரிக்கணும். நெஞ்சுக்கு நல்லது. கீழ குளத்தடித் தெருக்காரங்க வாளியோட நின்னு அண்ணாந்து பாப்பாவ. என்னத்துக்குடா இவனுவ சிரிக்கானுவன்னு அவியளுக்கு. அவியளையும் வரச் சொன்னோம் சார். யாரையும் வராதன்னு சொல்லல. ஆனா சட்ட போட்டு வாங்க, ஆட்ட ஓட்டிட்டு வராதீங்கன்னு சொன்னோம். அது தப்பா?

ஊரு அமைப்பச் சொல்லிருதேன், அப்பந்தான் உங்களுக்குப் புரியும். கரைக்குக் கெழக்க நம்ம ஊரு, பஜாரு எல்லாம். மேக்க குளத்தடித் தெரு. அதுக்கும் மேக்க பெரிய குளம். குளம் பெருகுனா மிச்சத் தண்ணி மறுகால் பாயும். மறுகால் தண்ணி குளத்தடித் தெரு ஓரமா ஓடையில வந்து, இந்தக் கரைக்கு அடியில பாலத்துக்குள்ள நொழஞ்சு, கெழக்க போயி ஆத்துல விழும். அந்தப் பாலந்தான் மூணு கண் பாலம், தண்ணி போற வாசல் மூணு. நாம இப்பம் அது மேலதான் உக்காந்திருக்கோம். கெழக்க ஓட எங்கன இருக்குன்னு கேட்டுராதீங்க. ஓட மேலதான் பஜாரே இருக்கு. என் கடையும் பின்பக்கம் கொஞ்சம் அது மேலதான். எல்லாரும் கட்டுனாவ, நானும் கட்டுனேன். ஊரோட ஒத்து வாழணும்ல்லா.

அதனால ஐப்பசி பொறந்தா பஜார்ல முழங்காத் தண்ணி. வருசா வருசம். கடைக்குள்ள அண்டா மெதக்கும், தேக்சா மெதக்கும், யாவாரம் மட்டும் முங்கிப் போவும். அது கெடக்கட்டும், நான் பாலத்தப் பத்திச் சொல்ல வந்தேன்.

கரையச் சுத்தம் பண்ணதும் குடிகாரப் பயலுவ எல்லாம் பாலத்துக்குள்ள எறங்கிட்டானுவ. மேல நாங்க நடக்கோம், கீழருந்து நாத்தமும் கெட்ட வார்த்தையும் வருது. ஒரு நா பாம்பு ஒண்ணு கண்ணுக்குள்ளேருந்து ஏறி வந்து, ஹெட்மாஸ்டர் சம்சாரம் கால்ல செருப்பு இல்லாம ஓடுனாவ. பொம்பளைய எல்லாம் சேந்து, 'அண்ணாச்சி, ஒண்ணு பாலம் இருக்கணும், இல்ல நாங்க இருக்கணும்'னுட்டாவ. கூட்டம் போட்டோம். மூணு கண்ணையும் சொவரு வச்சு அடைச்சிருவோம், தண்ணிக்கு ஒரு குழாய் விட்டிருவோம்னு நான்தான் தீர்மானம் கொண்டாந்தேன்.

அப்பம் எந்திரிச்சா சார் ஒருத்தி. எவளோ இல்ல. கூடப்பொறந்த தங்கச்சி, கோமு. குளத்தடித் தெருவுலதான் வாக்கப்பட்டிருக்கா. மேடையில செயலாளருன்னு நான் மால போட்டு உக்காந்திருக்கேன். கீழருந்து கேக்கா, 'அண்ணா, கண்ண அடைச்சா மறுகாத் தண்ணி எங்கன போவும்?'னு.

நூறு பேரு முன்னால சார். வீட்டுல வந்து கேட்டா நான் சொல்ல மாட்டனா? எனக்கு முகமெல்லாம் சூடாயிட்டு. 'எங்கயும் போவ வேண்டாம், ஒங்க தெருவுலயே இருந்து நீச்சல் படிக்கட்டும்'னேன். தமாசுக்குத்தான் சொன்னேன். எல்லாரும் சிரிச்சாவ. சிரிப்புச் சங்கம் பூரா இருந்துதுல்லா. அவ மட்டும் சிரிக்கல. 'நீ தமாசு பண்ணுத. என் வீட்டுக்காரரு எந்திரிச்சு ஓடுத நெலமையில இல்ல'ன்னா. மச்சானுக்கு ரெண்டு வருசமா ஒரு பக்கம் கையும் காலும் விழுந்துட்டு. சண்முகவேல்னு பேரு, நல்ல பாரியான ஆளு. நெல்லு மூட்டைய ஒத்தக் கையால தூக்குவாரு. இப்பம் கட்டில்லதான் கெடக்காரு. கோமுதான் திருப்பிப் போடணும், கோமுதான் ஊட்டணும்.

அன்னைலேருந்து நான் அவகூடப் பேசல. கோவம் இல்ல சார். வருத்தம். அவள எடுத்து வளத்தவன் நான். கல்யாணத்துல அவ கால்ல மெட்டி போடும்போது நான் கொல்லையில போயி அழுதேன், யாருக்கும் தெரியாது. சுகரு வந்த பொறவு வாரம் தவறாம வெந்தயக்களி கிண்டிக் குடுத்து விடுவா. அதுவும் நின்னு போச்சு.

சரி, அது கெடக்கட்டும். வெறுஞ்சொவரு கட்டுனா குடிகாரன் ஒரே ராத்திரியில இடிச்சுருவான். அதுக்கு என்ன வழின்னு டாக்டரு உக்காந்து யோசிக்காரு. எனக்குப் பட்டுன்னு தோணிச்சு. சாமிய வச்சிட்டா எவன் இடிப்பான்? நடுக் கண்ணுல ஒரு மாடம் எடுத்து, பிள்ளையார வச்சுட்டோம். சிலை நம்ம உபயம். கெழக்கப் பாத்த பிள்ளையாரு, எம்புட்டு அழகு தெரியுமா. அன்னா, இந்தப் படி எறங்குனா சன்னதி. குடிகாரப் பயலுவளே இப்பம் செருப்பக் கழத்திப் போட்டுட்டு கன்னத்துல போட்டுக்கிட்டுப் போறானுவ. உங்க ஊர்லயும் இதையே பண்ணுங்க சார். எழுதிக்கிடுங்க. முதல்ல பாலத்த அடைக்கணும், அடைச்ச கையோட சாமிய வச்சிரணும்.

ஆவணிக் கடைசியில கும்பாபிசேகம். கோமு வரல. நான் கடப் பையங்கிட்ட பிரசாதம் குடுத்து விட்டேன், பேசாட்டாலும் செய்முறை விடக் கூடாதுல்லா. அவ வாங்கிக் கண்ணுல ஒத்தி, மச்சான் வாயில ஒரு வில்ல போட்டுட்டு, பையங்கிட்டச் சொல்லி விட்டிருக்கா, 'சாமி மேல எனக்கு ஒரு கொறயும் இல்ல. எங்க அண்ணன அந்தச் சொவர எடுக்கச் சொல்லு'ன்னு. எப்படி இருக்கு பாருங்க. பிரசாதம் வேணும், சொவரு வேண்டாம்.

கும்பாபிசேகம் முடிஞ்சா ஒரு மண்டலம் தெனமும் அபிசேகம் நடக்கணும். மண்டலம் முடியுத வரைக்கும் சிலைய ஒரு நூலு அசைக்கக் கூடாது. பாலு, தயிரு, இளநி, பன்னீரு, ஒரு நா கொறை வைக்கல. நாளன்னைக்கிப் பூர்த்தி. சங்காபிசேகம், அன்னதானம் எல்லாம் இருக்கு. நீங்க இருந்து சாப்பிட்டுத்தான் போகணும். பழைய மாலை, வாழயெல எல்லாம் பின்பக்கம் தள்ளிருவோம், அந்தக் குழாய் வழியாப் போயிரும்னு பாத்தா அது போகாம அங்கனயே அடைச்சிக்கிட்டுக் கெடக்கு. மண்டலம் முடியட்டும், ஆள விட்டுக் குத்தி விடணும்.

இப்பம் பேயுதே மழை, மூணு நாளா விடல. சத்தியமா சொல்லுதேன், பஜார்ல ஒரு சொட்டுத் தண்ணி இல்ல சார். ஒரு சொட்டு! என் வயசுக்கு ஐப்பசி மழையில பஜார்ல தூசிய இப்பந்தான் பாக்கேன். யாவாரி எல்லாரும் மாலையும் கையுமா வந்துட்டாவ. 'அண்ணாச்சி, பிள்ளையாரு வந்த வேளை, ஊரக் காப்பாத்திட்டாரு'ன்னு. அரிசிக்கடக்காரரு என் கையப் பிடிச்சுக்கிட்டு அழுதுட்டாரு. கோயில் இல்லா ஊர்ல குடியிருக்க வேண்டாம்னு சும்மாவா சொன்னாவ?

ஆனா ஊருக்கு நல்லது நடந்தா ஒருத்தனுக்காவது வயிறு எரியணும்ல்லா. முந்தாநேத்து குளத்தடித் தெருக்காரன் பூராவும் என் கட வாசல்ல. இசக்கிப்பாண்டின்னு ஒருத்தன், ஆடு வளக்கான், அவன்தான் முன்னால நிக்கான். 'அண்ணாச்சி, தெருவுல இடுப்பளவு நிக்கி. குளம் மறுகால் பாயுது. கண்ணத் தொறந்து விடுங்க'ங்கான். நான் சொன்னேன், 'ஏல, சாமி இருக்காருல்லா, எப்படித் தொறக்க? மண்டலம் முடியட்டும், தை பொறக்கட்டும், பாலாலயம் பண்ணி சாமிய ஒரு செம்புத் தண்ணியில எறக்கி வச்சு, முறைப்படி செய்வோம்.' 'தை வரைக்கும் நாங்க எங்கன இருக்க?'ங்கான். ஒரு கெழவன் பின்னாலருந்து, 'பிள்ளையாரு பிடிக்கப் போயி கொரங்கா முடிஞ்ச கத'ங்கான். சாமிய வச்சுக்கிட்டுப் பேசுத பேச்சா அது? எனக்குப் பொறுக்கல. 'இந்த வாய்க்குத்தாம்ல தெருவுல தண்ணி நிக்கி'ன்னுட்டேன்.

எதுக்கும் அய்யருகிட்ட ஒரு வார்த்த கேட்டேன் சார். நான் ஒண்ணும் பிடிவாதக்காரன் இல்ல. 'மண்டலத்துக்குள்ள அசைக்கப்படாது, ஊருக்கு ஆவாது'ன்னுட்டாரு. நான் என்ன செய்ய?

நேத்து மத்தியானம் இசக்கிப்பாண்டி மறுபடியும் வந்தான். சொவரப் பத்திப் பேசல. 'அண்ணாச்சி, ஒங்க தங்கச்சி அனுப்பிச்சாவ. அண்ணாச்சிய ஒங்க வீட்டு மாடியில ரெண்டு நா வச்சிக்கிட முடியுமா, நாங்க தூக்கிக் கொண்டாந்துருதோம்'ங்கான். அண்ணாச்சின்னா மச்சானச் சொல்லுதான். கரைமேல கொண்டாந்து போடலாம்னா, மழையில கூர இல்லாம எப்படிப் போட, சளி கட்டிரும்ங்கான். மாடி சும்மாதான் இருக்கு சார். மெத்த கூட இருக்கு. நான் மாட்டேன்னு சொல்லல. 'வரட்டும், தாராளமா வரட்டும். ஆனா அவ நேர்ல வந்து அண்ணான்னு ஒரு வார்த்த கேக்கட்டும்'னேன். அம்புட்டுத்தான். நூறு பேரு முன்னால எதுத்து நின்னவ, ஒத்த ஆளு முன்னால வந்து கேட்டா கொறஞ்சா போயிருவா?

வரல. மச்சான விட்டுட்டு எப்படி வரன்னு சொல்லி விட்டாளாம். வீம்பு. எங்க ஐயாவுக்கு உண்டு அந்த வீம்பு, அப்படியே எறங்கியிருக்கு. எனக்கு இல்ல.

இந்தா, மழ வெறிச்சிருக்கு. எந்திரிச்சு மேக்க பாருங்க சார். கடல் மாதிரி இல்ல? அடுத்த வருசம் இதுல படகு விடலாம்னு டாக்டரு சொல்லுதாரு. பிள்ளையளுக்கு நல்லாருக்கும். ஆனா நேத்து வீட்டுச் சொவரு தெரிஞ்சுது, இன்னைக்கி ஓடு மட்டுந்தான் தெரியுது. விடியக்காலத்துல குளத்துக்கரையில எங்கயோ ஒரு எடத்துல ஒடைப்பாம். தீயணைப்பு வண்டி வருதுன்னு விடிஞ்சதுலேருந்து சொல்லுதாவ. ரோடு பூரா தண்ணி, எங்கன வர?

இவியதான் குளத்தடித் தெருக்காரங்க. மூட்ட முடிச்சு, ஆடு, கோழி, பூராவும் கரைமேலதான். பாருங்க, வாத்தியாரு உபயம் பெஞ்சு மேல ஆடு நிக்கி. செம்மண்ணு பூரா புழுக்க. சரி, இன்னைக்கி ஒரு நா இருந்துட்டுப் போகட்டும்னு நான்தான் விட்டேன். மனுசனுக்கு மனுசன் எரக்கம் வேணும்ல்லா. ஆனா ஒருத்தனாவது 'நல்லாருங்க அண்ணாச்சி'ன்னு சொல்லணுமே? நாம வந்து உக்காந்ததுலேருந்து சும்மா பாத்துக்கிட்டே இருக்கானுவ. கைக்குழந்த கூட அழாமப் பாக்கு.

அன்னா அந்த முருங்க மரம் சாஞ்சு நிக்குல்லா, அதுக்கு இந்தப் பக்கம் செவப்பு ஓடு. அதான் கோமு வீடு. இல்ல சார், நான் ஒண்ணும் தேடல. யாரு யாரு ஏறி வந்திருக்காவன்னு சும்மா பாத்தேன். அவளக் காணல. மச்சானையும் காணல. தெருவே ஏறி வந்துட்டு, இவ மட்டும் எதுக்கு உள்ள உக்காந்திருக்கணும்? அண்ணன் கரைமேல இருப்பான், அவன் மூஞ்சில முழிக்கணும்னுதான். எனக்குத் தெரியாதா அவள. நேத்து ராத்திரி சோறு எறங்கல சார் எனக்கு. சுகருன்னு சொல்லிட்டேன் வீட்டுல.

அன்னா. அன்னா வாறா பாருங்க. நான் சொன்னம்லா, வருவான்னு. கழுத்து வரைக்கும் நனஞ்சிருக்கா. நீந்தித்தான் வந்திருப்பா போல. மச்சான் கூட இல்லியே. கையில என்ன அது, கம்பா? ஊனிக்கிட்டு வாறா.

கம்பு இல்ல சார். கடப்பார.

என்னப் பாக்காமலே போறா. பாத்தீயளா, இந்தா இருக்கேன், இங்கன நிக்கேன், மரத்தத் தாண்டிப் போற மாதிரிப் போறா. படி எறங்குதா. சார், நீங்க கொஞ்சம் வாங்க, எங்கூட எறங்குங்க. பதறாதீங்க, அவ இடிக்க மாட்டா. சாமின்னா அவளுக்கு உசுரு. பாருங்க, முதல்ல விழுந்து கும்பிடுதா. சேலைய இழுத்துச் சொருகுதா. கடப்பாரைய எடுக்கா.

சார், அவட்ட சொல்லுங்க. நான் பேசுததில்ல, நீங்க சொல்லுங்க. மண்டலம் முடியலன்னு சொல்லுங்க. நாளன்னைக்கின்னு சொல்லுங்க. ஊருக்கு ஆவாதுன்னு அய்யரு சொன்னாருன்னு சொல்லுங்க.

கேட்டீயளா, அவ என்ன சொல்லுதான்னு? கட்டில் மேல கட்டிலப் போட்டு அது மேல மச்சான உக்கார வச்சிருக்காளாம். தண்ணி மேக் கட்டிலத் தொட்டுட்டாம். அந்தப் பாரியான ஆள இம்புட்டு ஆழத்துல தூக்கிட்டு வர முடியலயாம். அவராலே நிமிந்து இருக்க முடியலயாம், இசக்கிப்பாண்டி உள்ள கழுத்தளவு தண்ணியில நின்னு தாங்கிப் பிடிச்சிருக்கானாம். கண்ணத் தொறந்தா கொஞ்ச நேரத்துல ஒரு சாண் எறங்கிருமாம். ஒரு சாண் போதும்ங்கா. மாடத்த விட்டுட்டு ஓரத்துக் கண்ணத்தான் இடிக்கப் போறேன், சாமிக்கு ஒண்ணும் ஆவாதுங்கா.

ஓரத்துக் கண்ணா? அது தோணலியே நமக்கு. ஓரத்துல இடிச்சா சாமி அசையாதுல்லா.

சரி. சரி சார். நான் என்ன கல்லா? கூடப்பொறந்தவ கேக்கா. இடிக்கட்டும். அவட்ட சொல்லுங்க, அண்ணன் சரின்னுட்டான்னு. ஆனா ஒரு நிமிசம், ஒரு நிமிசம் பொறுக்கச் சொல்லுங்க. இம்புட்டுத் தண்ணியும் நேரா பஜாருக்குள்ளதான் பாயும். கடையில தீபாவளிச் சரக்கு பூராத் தரையில கெடக்கு, நேத்துதான் கட்டுப் பிரிச்சது. அர மணி நேரம் போதும். பயலுவ மேல ஏத்திருவானுவ. இத்தன நேரம் இருந்தவருக்கு அர மணி நேரம் என்ன சார்?

இருங்க சார், கடப் பையனுக்கு ஒரு போனு போட்டுருதேன். ஏல முத்தையா, நாந்தாம்ல. அண்டா எல்லாத்தையும் மேல்தட்டுக்கு ஏத்து. எவர்சில்வர் அடுக்கு முதல்ல. குத்துவெளக்கப் பாத்துத் தூக்கு, அட்டப் பொட்டியோட தூக்கு. அரிசிக்கடக்காரருகிட்டயும் சொல்லிரு, ஜவுளிக்கடக்காரருகிட்டயும் சொல்லிரு. பொறவு நம்மளச் சொல்லுவாவ. ஆமால, தண்ணி வரும். வரும்ங்கேன்ல்லா. ஓடு.

ஆச்சு சார். ஏற்பாடு ஆச்சு. பொறுத்திருக்கா பாத்தீயளா? கடப்பாரைய ஓங்குனவ அப்படியே எறக்கிட்டா. அண்ணன் சொன்னா கேட்டுக்கிடுவா. என்ன இருந்தாலும் ரத்தம்ல்லா. இந்தா இசக்கிப்பாண்டியும் வந்துட்டான் மேல. நல்லதாப் போச்சு. ரெண்டு பேருமாச் சேந்து இடிச்சா சுருக்க முடிஞ்சிரும். ஏல இசக்கி, வா, எறங்கி வா. இன்னுங் கொஞ்ச நேரந்தான், பயலுவ சாமான ஏத்துதானுவ.

ஏன் அங்கனயே நிக்கான்? வாடாங்கேன், நிக்கான்.

இவ ஏன் சார் கடப்பாரையக் கீழ போட்டுட்டா? உக்காந்துட்டா பாருங்க, பிள்ளையாரு காலடியில, ஈரத்துலயே. கோவமா இருக்கும். அர மணி நேரம்னு சொன்னதுக்குக் கோவம். போகட்டும், அர மணி வேண்டாம். இப்பமே இடிக்கச் சொல்லுங்க. கட போனாப் போகுது, சொல்லுங்க சார் அவட்ட, அண்ணன் இப்பமே இடிக்கச் சொல்லுதான்னு. என்ன ஏன் அப்படிப் பாக்கீய? கரைமேல இவனுவ எல்லாம் எதுக்கு எந்திரிச்சு நிக்கானுவ?

ஏல இசக்கி. நீ இங்கன வந்துட்டேன்னா அங்கன யாருல பிடிச்சிருக்கா?

தலத் துண்ட எதுக்குல எடுக்க?

கோமு. ஏட்டி கோமு. இங்க பாரு. அண்ணன் ஒங்கிட்டதாம்ட்டி கேக்கேன். மச்சான் எங்க?